கூடும் கொக்கியும்

துப்பாக்கியின் சரித்திரத்தை எழுதியவர்களில் பெரும்பாலோர், அது எவ்வளவு தூரம் சுட்டது, எவ்வளவு வேகமாகச் சுட்டது, எந்த யுத்தத்தில் எந்தச் சேனையை வீழ்த்தியது என்ற விஷயங்களையே விஸ்தாரமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு வேட்டுத் தீர்ந்த பிறகு குழலின் அடிப்பாகத்தில் தங்கிவிடும் காலித் தோட்டாக் கூட்டை வெளியே எடுக்க வழி காணாதவரையில் இரண்டாவது வேட்டு என்பதே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் பிறந்து உலகப் பிரசித்தி பெற்ற லீவர் ரைபிளின் கதை, இந்த ஒரு சங்கடத்தைச் சுற்றியே நடந்தது என்பது என் அபிப்பிராயம். விசைக்கு அடியில் வளையமாகத் தொங்கும் நெம்புகோலை ஒரு முறை கீழே தள்ளி மேலே இழுத்தால், பழைய கூடு வெளியே விழுந்து, புதிய தோட்டா அறைக்குள் புகுந்து, சுத்தியலும் பின்னே சாய்ந்து அடுத்த வேட்டுக்குத் தயாராக நிற்கும். இம்மூன்று காரியங்களுள் முதலாவதே கடினமானது. அது தவறியபோதெல்லாம் பழி துப்பாக்கியின்மேல் விழுந்தது, குற்றமோ பெரும்பாலும் தோட்டாவைச் செய்த உலோகத்தில் இருந்தது.

ஆதியில் இந்தச் சங்கடமே இருக்கவில்லை. நியூயார்க் நகரத்து யந்திர நிபுணரான வால்டர் ஹண்ட் என்பவர் 1848-ல், ஈயக் குண்டின் அடிப்பாகத்தைக் குடைந்து அந்தக் குழிக்குள்ளேயே வெடிமருந்தை அடைக்கும் உபாயத்தைக் கண்டுபிடித்தார். மருந்து எரிந்து குண்டு பறந்த பிறகு அறையில் மிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை; ஆகையால் வெளியேற்றுவதற்கும் ஒன்றுமில்லை. ஹண்டின் யோசனையை லூயிஸ் ஜென்னிங்ஸ் சீர்திருத்தினார். பிறகு ஹொரேஸ் ஸ்மித், டேனியல் வெஸ்ஸன் என்ற இருவர் 1854-ல் அதை மேலும் திருத்தி உரிமைப் பத்திரம் பெற்றனர். அடுத்த ஆண்டில் வால்கானிக் என்ற பெயரோடு ஒரு கம்பெனியும் தோன்றிற்று. சட்டை உற்பத்தி செய்து பொருள் ஈட்டிய ஆலிவர் வின்செஸ்டர் அதில் பணம் போட்டவர்களுள் ஒருவர். ஆனால் குண்டின் குழிக்குள் அடங்கும் மருந்து மிகச் சொற்பம். வெடிப்பின் ஆவியைத் தடுத்து நிறுத்தக் கூடு இல்லாமையால் அது பின்புறமாகக் கசிந்தது. வெடிக்காமல் நின்றுவிட்ட தோட்டாவைப் பிடித்து இழுப்பதற்கோ விளிம்பு என்று ஒன்று கிடையாது. கம்பெனி சில வருஷங்களுக்குள் நொடித்தது. 1857-ல் நியூ ஹேவன் ஆயுதக் கம்பெனி என்ற புதுப் பெயரில் அதை எடுத்து நடத்தத் தொடங்கிய வின்செஸ்டருக்கு, கூடில்லாத தோட்டாவால் இனிப் பிழைக்க முடியாது என்பது விளங்கியிருக்க வேண்டும்.

அவருடைய தொழிற்சாலையை மேற்பார்த்த பெஞ்ஜமின் டைலர் ஹென்றி, செம்பினால் செய்த கூட்டுக்குள் மருந்தையும், அதன் விளிம்பின் உட்புறத்தில் தீப்பற்றும் பொருளையும் வைத்த தோட்டாவை உருவாக்கி, அதற்கேற்ற ரைபிளுக்கு 1860 அக்டோபர் 16-ந் தேதி உரிமைப் பத்திரம் பெற்றார். அந்த ரைபிளின் உள்ளமைப்பைச் சற்று நெருங்கிப் பார்ப்பது அவசியம், ஏனெனில் பின்னால் வந்த எல்லா நன்மை தீமைகளுக்கும் அதிலே வித்து இருக்கிறது. தோட்டா அறையைப் பின்புறம் அடைக்கும் தண்டு ஒன்று முன்னும் பின்னும் நகர்கிறது. அதன் முகப்பில் ஒரு சிறு கொக்கி. இரு பக்கங்களிலும் விளிம்பை ஒரே சமயத்தில் தாக்கும் இரண்டு ஊசிமுனைகள். தண்டின் பின்னால் இரண்டு இணைப்புத் தகடுகள் முழங்கால் மூட்டைப் போல நீட்டவும் மடக்கவும் ஆகும்படி அமைந்திருக்கின்றன. நெம்புகோல் மூடியிருக்கையில் மூட்டு நேராக நீண்டு தண்டைத் தாங்குகிறது. நெம்புகோலைத் திறக்கத் தொடங்கியதும் மூட்டு மெல்ல மடங்குகிறது. அந்த முதல் அசைவில் தண்டு மயிரிழை அளவே நகர்ந்தாலும், அப்பொழுது அதற்குக் கிடைக்கும் பலம் மிகப் பெரிது. சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் கூடு முதன்முதல் அசைந்துகொடுப்பதற்கு வேண்டியதும் அத்தகைய பலமே. கொக்கி விளிம்பைப் பற்றி இழுத்துவர, தோட்டாவைத் தூக்கும் உலோகக் கட்டி கீழிருந்து எழும்பி, அந்தக் காலிக் கூட்டை மேலே தட்டி எறிகிறது.

இத்தனை நேர்த்தியிலும் ஒரு பலவீனம் இருந்தது. மூட்டின் அமைப்புப் பெருமருந்தின் அதிர்ச்சியைத் தாங்கக் கூடியதன்று. ஆகவே ஹென்றியின் தோட்டாவில் ஏறக்குறைய 25 முதல் 28 கிரெயின் எடையுள்ள மருந்தே இடப்பட்டது. அமெரிக்க உள்நாட்டு யுத்தத்தில் கலந்துகொண்ட இந்த ரைபிள், குழலுக்குக் கீழே இருந்த நீண்ட குழாயில் 16 தோட்டாக்களை அடக்கிக்கொண்டு அடுத்தடுத்துச் சுட்டதென்றால், அதன் மருந்து குறைவாக இருந்தமையாலும் கூடு குட்டையாக இருந்தமையாலுமே மென்மையான செம்பு கொக்கிக்கு இணங்கி வெளியே வந்தது. வின்செஸ்டரின் கம்பெனி கூட்டின் அடித்தளத்தில் ‘எச்’ என்ற எழுத்தைப் பொறித்துத் தோட்டாக்களை விற்றது, ஹென்றியின் நினைவாகவே. 1866-ல் நெல்சன் கிங் என்பவர் பக்கவாட்டில் தோட்டா நிரப்பும் கதவை அமைத்துச் சீர்திருத்திய மாதிரி வந்தது. 1873-ல் நடுவில் தீப்பற்றும் தோட்டாவைக் கொண்ட மாதிரி வந்தது. பின்னதன் தோட்டாவைப் பற்றி மேலே சொல்லப் போகிறேன்.

கூடு ஏன் ஒட்டிக்கொள்கிறது? மருந்து எரியும் கணத்தில் உண்டாகும் அழுத்தத்தால் கூடு நாற்புறமும் விரிந்து அறையின் சுவரில் அப்பிக்கொள்கிறது. அவ்வாறு அப்பிக்கொள்வதனாலேயே ஆவி பின்புறம் கசியாமல் சுடுகிறவன் முகத்தைக் காக்கிறது. குண்டு குழலைவிட்டு நீங்கி அழுத்தம் தணிந்ததும், கூடு சிறிது சுருங்கிச் சுவரினின்று விலக வேண்டும். பித்தளைக்கு அந்த மீளும் குணம் உண்டு. செம்புக்கு அது குறைவு. விரிந்த செம்பு விரிந்தபடியே நின்றுவிடுகிறது. இதோடு கரும்புகை மருந்தின் கசடும் சேர்கிறது: அந்த மருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேற்பட்ட பங்கு திடப்பொருளாகவே மிஞ்சி, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, அறையில் படலமாக இறுகுகிறது. மணலோ புழுதியோ புகுந்தால் கேட்கவே வேண்டாம். இத்தனைக்கும் எதிராகப் போராடுவது, விளிம்பின் ஒரு சிறு பகுதியை மாத்திரம் பற்றியிருக்கும் ஒரு கொக்கி. கொக்கி வலுவாக இழுத்து, கூடும் அசைய மறுத்தால், கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு பின்வாங்கும். அல்லது அடித்தளமே பிய்ந்து வந்து, அடியற்ற குழாயாகக் கூடு அறைக்குள் நிற்கும். இரண்டாவது கேட்டுக்கு அந்த இடத்திலேயே பரிகாரம் கிடையாது என்று சொல்லலாம்.

இந்தக் கேடு 1876 ஜூன் 25-ந் தேதி மொண்டானாவில் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரையில் வெளிப்பட்டது. லகோட்டா, ஷையன் முதலிய பூர்வகுடி வீரர்களோடு பொருதி ஜார்ஜ் கஸ்டர் ஐந்து படைப்பிரிவுகளோடு மாண்டுபோன அந்தப் போரில், அமெரிக்கக் குதிரைப்படையினர் ஏந்தியது நெம்புகோல் ரைபிள் அன்று. ஒவ்வொரு வேட்டுக்கும் கீல் வைத்த அடைப்பை மேலே தூக்கித் திறக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு கார்பைன். அதன் தோட்டா ஹென்றியினுடையதைவிட நீளமானது. மருந்து ஏறக்குறைய இரட்டிப்பு, 55 கிரெயின். ஆனால் கூடு மட்டும் செம்பினாலோ, செம்பே பெரும்பங்கான மென்மையான கலவையினாலோ ஆனது. போதாக்குறைக்கு வீரர்கள் தோட்டாக்களைத் தோல் கச்சைகளில் செருகி வைத்திருந்தார்கள். தோலைப் பதனிட்ட சத்து செம்போடு சேர்ந்து பச்சைக் களிம்பாகப் பூத்தது. வாரந்தோறும் புளியிட்டு விளக்காத செம்புப் பாத்திரத்தின் கதியை அறிந்த நம்மவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. களிம்பேறிய கூடு சூடான அறைக்குள் போனால் எளிதில் திரும்புவதில்லை.

அதே போரில் ஒரு குன்றின்மேல் இரண்டு நாள் முற்றுகையைத் தாங்கித் தப்பிய மேஜர் மார்க்கஸ் ரீனோ, போருக்குச் சில நாட்களுக்குப் பின் ஆயுதத் தலைமை அதிகாரியான ஜெனரல் ஸ்டீபன் பெனேவுக்கு எழுதிய கடிதத்தில், தம்மிடமிருந்த 380 கார்பைன்களுள் 6, கூட்டின் தலை பிய்ந்து உடல் உள்ளேயே நின்றுவிட்டதால் உபயோகமற்றுப் போயின என்று தெரிவித்தார். கஸ்டரின் தோல்விக்குத் தோட்டாவே காரணம் என்ற பேச்சு நாடு முழுவதும் பரவி அடுத்த நூற்றாண்டுக்குள்ளும் நீடித்தது. அதைப் பரிசோதிக்கும் வாய்ப்பு ஒரு புல்வெளித் தீயினால் கிடைத்தது. 1983-ல் போர்க்களத்துப் புதர்கள் எரிந்து நிலம் வெளிப்பட்டபின், டக்ளஸ் ஸ்காட், ரிச்சர்டு ஃபாக்ஸ் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1984, 1985 ஆண்டுகளில் அங்கே அகழ்ந்து, காலிக் கூடுகளை ஒவ்வொன்றாகப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துப் பார்த்தார்கள். கத்திமுனையால் நெம்பி எடுக்கப்பட்ட கூட்டின் விளிம்பிலும் பக்கத்திலும் கீறல் இருக்கும். அவ்வாறு கீறல் விழுந்த கூடுகள் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவாகவே கிடைத்தன. ஆகவே அந்தப் படை தோற்றதற்குத் தோட்டாவைக் காரணமாகச் சொல்வது நியாயமன்று. ஆனால் அந்த அகழ்வில் வேறொன்றும் தெரிந்தது. விளிம்பில் இரட்டை ஊசித் தழும்பு பதிந்த ஹென்றித் தோட்டாவின் செம்புக் கூடுகள் பூர்வகுடி வீரர்கள் நின்ற இடங்களிலெல்லாம் கிடைத்தன. அந்தச் செம்பு பட்டாளத்துச் செம்பைவிட உயர்ந்ததன்று. குறைந்த மருந்தும் குட்டையான கூடும் அதைக் காப்பாற்றின.

நூற்றுக்கு மூன்றோ நான்கோ என்ற கணக்குக் காகிதத்தில் அற்பமாகத் தோன்றலாம். கூடு சிக்கிக்கொண்ட அந்த ஒருவனுக்கு அது முழுச் சேதம். காலாட்படை ரைபிளின் குழலுக்கடியில் துடைக்கும் கோல் இருந்தது. வாய்ப்புறமாக அதைச் செலுத்திக் கூட்டைப் பின்னால் தள்ளிவிடலாம். குதிரைப்படைக் கார்பைனில் அந்தக் கோல்கூட இல்லை. பிற்பாடு வந்த கார்பைன்களில் கட்டையைக் குடைந்து, துண்டுகளாகக் கழற்றிவைக்கும் கோலுக்கு இடம் செய்தார்கள்.

அதே காலத்தில் பிரிட்டிஷ் சேனை ஏற்றுக்கொண்ட மார்டினி-ஹென்றி ரைபிளில் இந்த நோய் மேலும் முற்றியது. இதுவும் நெம்புகோலால் இயங்குவது. ஆயினும் தோட்டாச் சேமிப்பு இல்லாமல் ஒவ்வொன்றாக இடுவது. நெம்புகோலைக் கீழே தள்ளினால் அடைப்புக் கட்டியின் முன்பக்கம் தாழ்ந்து, கீழேயுள்ள கைகளை அடித்து, அவற்றின் மேல்நுனிகள் கூட்டின் விளிம்பை இருபுறமும் பற்றிப் பின்னே தள்ளும். யந்திரத்தில் குறை சொல்வதற்கில்லை. மருந்தோ 85 கிரெயின், ஈயம் 480 கிரெயின். இவ்வளவு பெரிய வெடிப்பைத் தாங்கவேண்டிய கூட்டை, வுல்விச் ராஜாங்க ரசாயனசாலையின் அதிகாரியாயிருந்த கர்னல் எட்வர்டு பாக்ஸர் வகுத்த முறைப்படி, மிக மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டி, அடியில் இரும்பு வட்டு ஒன்றைப் பொருத்திச் செய்தார்கள். செலவு குறைவு என்பதே அதன் பெருமை. இங்கிலாந்தின் குளிர்ந்த பயிற்சி மைதானங்களில் அது ஒழுங்காக நடந்தது. ஆனால் 1879 ஜனவரியில் ஜூலு யுத்தத்தின்போது ரோர்க்ஸ் டிரிஃப்டில் இரவெல்லாம் சுட்டுக்கொண்டிருந்த ஹென்றி ஹுக் என்ற சிப்பாய், குழல் காய்ந்து கையைச் சுட்டதையும், கூடு இளகிச் சிக்கிக்கொண்டதையும், கோலால் இடித்து இடித்து அதை வெளியேற்றியதையும் பிற்காலத்தில் விவரித்திருக்கிறார்.

சூடானின் மணலில் விஷயம் மேலும் விபரீதமாயிற்று. கார்ட்டூமில் சிக்கிய ஜெனரல் கார்டனை மீட்கச் சென்ற படை, 1885 ஜனவரி 17-ந் தேதி அபூ க்ளியாவில் தாக்கப்பட்டது. அங்கே கடற்படையைச் சேர்ந்த லார்டு சார்லஸ் பெரஸ்ஃபோர்டு, கைப்பிடியைச் சுழற்றிச் சுடும் கார்டனர் யந்திரத் துப்பாக்கியைச் சதுர வியூகத்துக்கு வெளியே நகர்த்தி நிறுத்தினார். சுமார் எழுபது தோட்டாக்கள் போனபின் அது நின்றுவிட்டது. கொக்கி கூட்டின் தலையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. உடல் குழலுக்குள்ளே கிடந்தது. அவரும் வில்லியம் ரோட்ஸ் என்ற மாலுமியும் தகட்டின் திருகாணிகளைக் கழற்றிக் குழலைச் சுத்தம் செய்ய முயன்றுகொண்டிருக்கையிலேயே எதிரிகள் மேலே பாய்ந்தனர். ரோட்ஸ் ஈட்டியால் குத்துண்டு இறந்தார். பெரஸ்ஃபோர்டு துப்பாக்கிக்கு அடியில் வீழ்த்தப்பட்டு அரிதில் உயிர் தப்பினார். ஓர் உலோகக் கூட்டின் தலை பிய்ந்ததனால் மனித உயிர்கள் என்ன விலை கொடுத்தன என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. 

லண்டன் பத்திரிகைகளில் கண்டனம் எழுந்தது, பார்லிமெண்டில் கேள்விகள் பிறந்தன. சுருட்டிச் செய்த கூட்டுக்குப் பதிலாக, ஒரே பித்தளை வட்டை அழுத்தியும் நீட்டியும் இழைத்த திடமான கூடு அதையொட்டி வழக்கத்துக்கு வந்தது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் வந்த நான்காம் மாதிரி மார்டினியில் நெம்புகோலையும் நீளமாக்கிக் கைக்கு அதிகப் பலம் கொடுத்தார்கள். திடமான கூடே மெய்யான பரிகாரம்.

அமெரிக்காவில் வின்செஸ்டர் கம்பெனி பெருமருந்தைக் கையாள 1876-ல் பழைய மூட்டையே பெரிதாக்கிப் பார்த்தது. பட்டாளத்தின் நீண்ட தோட்டாவுக்கு அதில் இடம் போதவில்லை. யூட்டா மாகாணத்து ஆக்டன் ஊரில் தகப்பனாரின் பட்டறையிலேயே தொழில் கற்ற ஜான் பிரௌனிங்தான் இதற்கு வழி கண்டார். அவர் வகுத்த 1886 மாதிரியில் மூட்டு இல்லை. அடைப்புத் தண்டின் இரு மருங்கிலும் செங்குத்தாக எழும் இரண்டு இரும்புத் தாழ்கள் அதைப் பூட்டி நிறுத்துகின்றன. கையில் எடுத்து நெம்புகோலை அசைத்துப் பார்த்தவர்கள் அதன் வழுக்கலான நடையை மறப்பதில்லை. அதற்குள் திடப் பித்தளைக் கூடும் பரவிவிட்டபடியால், யந்திரத்தின் வலிமையும் கூட்டின் வலிமையும் முதல் முறையாக ஒத்துச் சென்றன. மார்லின் கம்பெனி 1889-ல் மேற்புறத்தை மூடி, கூட்டை வலப்பக்கமாக வெளியே தள்ளும் மாதிரியைக் கொண்டுவந்தது. புழுதியும் மழையும் உள்ளே விழாதிருக்க அது பெரிய உதவி.

1895 வாக்கில் வின்செஸ்டரின் 1894 மாதிரிக்குப் புகையில்லா மருந்துள்ள தோட்டா வந்தது. கரும்புகைக் கசடு ஒழிந்தது; வேறு தொல்லை தோன்றிற்று. அக்காலத்துத் தீப்பற்றும் பொருளில் இருந்த பாதரசம் பித்தளையை நொறுங்கும்படி செய்தது. குளோரேட் உப்பின் எச்சம் ஈரத்தைக் கவர்ந்து அறையை அரித்தது. ஒரு நாள் துடைக்காமல் வைத்த ரைபிளில் விழும் நுண்ணிய குழிகள், அடுத்த பருவத்தில் ஒவ்வொரு கூட்டையும் பிடித்துக்கொண்டன. ராணுவங்கள் இதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தன: மௌசர் வகை ரைபிளில் கைப்பிடியைத் திருப்பும்போதே சாய்வான தடம் கூட்டைச் சற்று நெகிழ்த்திவிடுகிறது, மண்ணில் படுத்தபடி இயக்கவும் அது சௌகரியம். 1915, 1916 ஆண்டுகளில் ரஷ்ய அரசாங்கம் வின்செஸ்டரின் 1895 மாதிரி ரைபிள்களை ஏறக்குறைய 3,00,000 வாங்கியதே, நெம்புகோலுக்குக் கிடைத்த கடைசிப் பெரிய ராணுவ மரியாதை.

அதற்குப் பின்பு இந்த ரைபிள்கள் வேட்டைக்காரர்களிடமும் பழுதுபார்ப்பவர்களிடமும் வாழ்ந்துவருகின்றன. தொழில் தெரிந்தவன், கூடு வெளிவரவில்லை என்று கொண்டுவந்த ரைபிளில் தோட்டா எதுவும் இல்லையென்று உறுதி செய்துகொண்டபின், யந்திரத்தைக் கழற்ற அவசரப்படமாட்டான். சிக்கிய கூட்டைக் கோலால் தள்ளி எடுத்து, அதன் விளிம்பையே முதலில் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். விளிம்பில் தழும்பே இல்லையென்றால் கொக்கி பற்றாமலே வழுக்கியிருக்கிறது: அதன் நுனி தேய்ந்திருக்கலாம், வில் தளர்ந்திருக்கலாம், பெரும்பாலும் கொக்கிக்கு அடியில் பழைய எண்ணெயும் கசடும் இறுகி அதைப் படியவிடாமல் தடுத்திருக்கும். விளிம்பு கிழிந்திருந்தால் கொக்கி தன் கடமையைச் செய்திருக்கிறது. குற்றத்தை அறையின் குழிகளிலோ, அளவுக்கு மீறிய மருந்திலோ தேடவேண்டும். கூடு அறையைவிட்டு வந்தும் வெளியே விழாமல் புதுத் தோட்டாவோடு முட்டிக்கொண்டால், இழுக்கும் உறுப்பு சரி, எறியும் உறுப்பே பழுது. சில சமயம், சுடுபவன் நெம்புகோலை முழுத் தூரம் தள்ளாமல் பாதியில் மீட்டதே அதற்குக் காரணம்.

இந்த ரைபிள்களைக் கையாள்பவர்களிடையே நெடுநாளாக நடந்துவரும் ஒரு விவகாரம், 1873 மாதிரிக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பது. அதற்கென்றே பிறந்த தோட்டா 44-40 எனப்படுவது: குழலின் அளவு 44, மருந்து 40 கிரெயின். அதன் கழுத்துப் பித்தளை மிக மெல்லியது. குறைந்த அழுத்தத்திலும் உடனே விரிந்து அறையை அடைத்துவிடுவதால், கசடு பின்னால் வராமல் அறையும் இணைப்புகளும் நெடுநேரம் சுத்தமாயிருக்கின்றன. அடியிலிருந்து நுனி நோக்கிச் சற்றே ஒடுங்கும் உருவமாதலால் ஒரு மயிரிழை அசைந்தாலும் கூடு விடுபட்டுவிடுகிறது. அதே காலத்தில் கோல்ட் கம்பெனியின் சுழல் கைத்துப்பாக்கிக்காகச் செய்த 45 கோல்ட் தோட்டாவுக்கு விளிம்பு மிகக் குறுகல். கைத்துப்பாக்கியில் கூட்டை முன்பக்கத்திலிருந்து கோலால் தள்ளுவதே முறையாதலால் அங்கே கொக்கிக்கு வேலையில்லை, விளிம்பு அகலமாக இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வின்செஸ்டர் அந்தத் தோட்டாவுக்கு ரைபிள் செய்யவில்லை. கோல்ட் கம்பெனியே தன் கைத்துப்பாக்கியை 44-40-க்குச் செய்து கொடுத்தது, ஒரே தோட்டாவை இரண்டிலும் இட விரும்பியவர்களுக்காக. இக்காலத்தில் இத்தாலியில் செய்யப்படும் 1873 மாதிரிப் பிரதிகள் 45 கோல்ட் தோட்டாவுக்கும் தாராளமாகக் கிடைக்கின்றன, ஏனெனில் இப்போதைய கூட்டில் விளிம்புக்கு முன்னால் கொக்கி நுழையப் பள்ளம் கடைந்திருக்கிறார்கள். ஆனாலும் அதன் சுவர் நேரானது, தடித்தது; கரும்புகை மருந்தை இட்டுச் சுடுகிறவர்கள், சில சுற்றுக்களுக்குள் பின்புறம் கரியேறி நெம்புகோல் கனப்பதைக் கண்டு, பழைய 44-40-க்கே திரும்புகிறார்கள்.